1982 எஃப்-150 பிக்கப்பில் 1993 டாஷ்போர்டு

பழைய பிக்கப் வண்டிக்குப் பிற்கால டாஷ்போர்டைப் பொருத்துவது பற்றிப் பேச்சு வந்தால், பெரும்பாலும் பிளாஸ்டிக்கைப் பற்றியே பேசப்படுகிறது. வெயிலில் வெடித்துப்போன மேல்பகுதி எப்படி இருந்தது, மாற்றிய பிறகு எப்படி இருக்கிறது என்று இரண்டு படங்களை அடுத்தடுத்து வைத்துவிட்டால் வேலை முடிந்துவிட்டதாகவே தோன்றும். ஆனால் டாஷ்போர்டில் இருக்கும் ஒவ்வொரு முள்ளும், வண்டியின் வேறோர் இடத்தில், நம் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதை நமக்குச் சொல்வதற்காகவே இருக்கிறது. அது உண்மையைச் சொல்லாவிட்டால் எவ்வளவு அழகான டாஷ்போர்டாலும் பயனில்லை. என்னுடைய 1982 ஃபோர்டு எஃப்-150 வண்டிக்குள் 1993ஆம் ஆண்டு வண்டியின் டாஷ்போர்டைப் பொருத்திய வேலையை இந்த ஓர் அளவுகோலை வைத்தே செய்தேன். இங்கே எழுதுவதும் அதை ஒட்டியே இருக்கும்.

முதலில், இது எப்படிச் சாத்தியமாகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஃபோர்டு 1980இல் தன் எஃப் வரிசைப் பிக்கப்புகளை முற்றிலும் புதிதாக வடிவமைத்தது. அதன் பிறகு 1987இலும் 1992இலும் முன்முகமும் உட்புறமும் மாறின. கேபினின் அடிப்படைக் கூடு மட்டும் 1990களின் நடுப்பகுதி வரை ஏறத்தாழ அப்படியே தொடர்ந்தது. ஆர்வலர்கள் 1980 முதல் 1986 வரை வந்தவற்றை ‘புல்நோஸ்’ என்றும், 1987 முதல் 1991 வரை வந்தவற்றை ‘பிரிக்நோஸ்’ என்றும் அழைக்கிறார்கள். கூடு ஒன்றாக இருப்பதால், முன் கண்ணாடிக்குக் கீழே வரிசையாக இருக்கும் போல்ட்டுகள், இரு பக்கத் தூண்களையொட்டிய பிடிப்புகள், ஸ்டீயரிங் காலத்தை (சக்கரத்திலிருந்து கீழே இறங்கும் தண்டும் அதன் உறையும்) தாங்கும் பிராக்கெட் ஆகியவை புதிய டாஷ்போர்டை ஏற்றுக்கொள்கின்றன. அறுத்து ஒட்டவேண்டிய தேவை மிகக் குறைவு. வேறு தலைமுறைக் கூட்டிலிருந்து, அல்லது வேறு நிறுவனத்தின் வண்டியிலிருந்து டாஷ்போர்டைக் கொண்டுவர நினைப்பவர்கள், பணத்தைக் கொடுப்பதற்கு முன் இரு கேபின்களின் உள் அகலத்தையும் முன் கண்ணாடியின் கீழ் விளிம்பு வளைவையும் அளந்து பார்த்துக்கொள்வது நல்லது. வளைவு பொருந்தாத டாஷ்போர்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே விழும் இடைவெளியை எந்த வேலைப்பாட்டாலும் மறைக்க முடிவதில்லை.

பிரிக்நோஸ் டாஷ்போர்டை எடுத்துக்கொண்டிருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். அதில் ஸ்பீடோமீட்டர் பழையபடி கேபிளில்தான் ஓடுகிறது. வைப்பர் ஸ்விட்ச்சும் டாஷ்போர்டிலேயே இருக்கிறது. எனவே பழைய ஸ்டீயரிங் காலத்தை அசைக்கவேண்டியதில்லை. எளிமையை விரும்புகிறவர்களுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். எனக்கு 1992க்குப் பிந்தைய டாஷ்போர்டின் அமைப்பும், முள்களை ஒரே பார்வையில் படிக்க முடிகிற அதன் தெளிவும் பிடித்திருந்தன. அவற்றிலும் 1992, 1993 ஆகிய இரண்டு ஆண்டுகளின் டாஷ்போர்டையே தேடினேன். ஏனெனில் எஃப்-150க்கு 1994இல் ஓட்டுநர் பக்க ஏர்பேக் வந்துவிட்டது. ஏர்பேக் என்பது ஸ்டீயரிங் சக்கரத்தில் மடித்து வைத்த ஒரு பை மட்டுமன்று. மோதலை உணரும் சென்சார்கள், அவற்றைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, சக்கரத்தோடு சுழலும் சுருள் இணைப்பு, முழங்காலைத் தாங்கும் தகடு என்று எல்லாம் சேர்ந்து, அந்தக் குறிப்பிட்ட வண்டியின் உடற்கூட்டை வைத்துச் சோதித்து அமைக்கப்பட்ட ஓர் ஏற்பாடு அது. அதைப் பழைய வண்டியில் பாதியாகப் பொருத்திவிட்டுப் பாதுகாப்பு கூடிவிட்டதாக நம்புவது ஆபத்தானது. ஏர்பேக் இல்லாத ஆண்டைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கேள்வியே எழாது.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் யார்டில் டாஷ்போர்டை வாங்கும்போது, அதை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிடக் கூடாது. வயரிங் முழுவதும், கேபினையும் எஞ்சினையும் பிரிக்கும் ஃபயர்வால் தகட்டைத் தாண்டி எஞ்சின் பக்கம் போகும் நீளம் வரைக்கும் வேண்டும். ஸ்டீயரிங் காலம், வைப்பர் மோட்டார், அதன் இடைவெளி நேரத்தை ஆளும் பெட்டி, ஹீட்டர் கட்டுப்பாட்டுப் பலகை, காற்றுக் குழல்கள், திருகுகள் வரை எல்லாமே ஒரே வண்டியிலிருந்து வரவேண்டும். ஒரு கனெக்டரை அறுத்தே ஆகவேண்டும் என்றால், அதன் இரு பாதிகளையும் கையளவு வயரோடு எடுத்துக்கொள்ள வேண்டும். இவற்றோடு, இரண்டு ஆண்டுகளுக்கும் உரிய மின்சுற்று வரைபடங்களும் தேவை. ஃபோர்டு தன் பணிமனைகளுக்காக ஆண்டுவாரியாக, மின்சுற்றுகளையும் வெற்றிடக் குழாய்களையும் விளக்கும் பழுதறியும் கையேடு வெளியிட்டிருக்கிறது. 1982க்கு ஒன்று, 1993க்கு ஒன்று என இரண்டையும் மேசையில் விரித்து வைத்துக்கொண்டால், பாதி ஐயங்கள் வண்டியைத் தொடுவதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

வயர்களின் நிறத்தில் ஃபோர்டு காட்டிய ஒழுங்கு இந்த வேலையில் பேருதவி செய்தது. வெப்ப அளவிக்கான வயர் சிவப்பில் வெள்ளைக் கோடு, ஆயில் பிரஷருக்கு வெள்ளையில் சிவப்புக் கோடு, பெட்ரோல் அளவுக்கு மஞ்சளில் வெள்ளைக் கோடு என்ற முறை பல ஆண்டுகள் மாறாமல் தொடர்ந்தது. இருந்தாலும் நிறத்தை மட்டும் நம்பி எதையும் இணைக்கவில்லை. ஒவ்வொரு வயரையும் மல்டிமீட்டரால் முனையிலிருந்து முனைவரை தொடர்பு பார்த்து, துணிப்பட்டையில் பெயர் எழுதி ஒட்டிய பிறகே பழையதைக் கழற்றினேன். நாற்பது ஆண்டு வயதுள்ள வண்டியில், இடையில் யாரோ ஒருவர் ரேடியோவுக்கென்றோ கூடுதல் விளக்குக்கென்றோ நடுவில் வெட்டி முறுக்கிய வயர்கள் இருக்கத்தான் செய்யும். அவற்றுக்கு எந்த வரைபடமும் கிடையாது.

டாஷ்போர்டை வண்டியில் ஏற்றுவதற்கு முன், முள்கள் இருக்கும் கிளஸ்டரைத் தனியாக எடுத்துப் பணிமேசையில் ஒரு 12 வோல்ட் பேட்டரியோடு இணைத்துச் சோதித்தேன். இந்த ஒரு வேலையை யாரும் தவிர்க்க வேண்டாம் என்று வலியுறுத்துவேன். பெட்ரோல் அளவி என்பது, டேங்க்கில் மிதக்கும் ஃப்ளோட் யூனிட் காட்டும் மின்தடையைத்தான் முள்ளின் நகர்வாக மாற்றுகிறது. எனவே டேங்க்குக்குப் பதிலாகச் சில காசு பெறுமான மின்தடைகளை வைத்தாலே கிளஸ்டர் எதை எப்படிப் புரிந்துகொள்கிறது என்று தெரிந்துவிடும். பெட்ரோல் முனைக்கும் எர்த்துக்கும் இடையே 15 ஓம் மின்தடையைக் கவ்விவைத்தபோது முள் காலிக் கோட்டின்மேல் போய் அமர்ந்தது. 150 ஓம் வைத்தபோது அவசரமில்லாமல் ஏறி நிறைவுக் கோட்டுக்கு அருகே நின்றது. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு டேங்க்கைக் குறைசொல்வதற்கு முன், அளவி சரியாக இருக்கிறது என்ற உறுதி இப்படிக் கையில் கிடைத்துவிடுகிறது.

இந்தச் சோதனை இன்னொன்றையும் தெளிவாக்கியது. 1986 வரையிலான ஃபோர்டு பிக்கப்புகளில் ஃப்ளோட் யூனிட்டின் மின்தடை, டேங்க் காலியாக இருக்கும்போது சுமார் 73 ஓம், நிறைந்திருக்கும்போது சுமார் 10 ஓம். 1987 முதல் இந்தத் திசையே தலைகீழாக மாறிவிட்டது: காலிக்குச் சுமார் 16 ஓம், நிறைவுக்குச் சுமார் 158 ஓம். ஆகவே பழைய டேங்க்கை அப்படியே புதிய கிளஸ்டரோடு இணைத்தால், டேங்க் நிரம்பி வழியும்போது முள் காலிக்கும் கீழே கிடக்கும்; பெட்ரோல் தீர்ந்து வண்டி நிற்கும் தறுவாயில் முள் பாதியை ஒட்டி நிற்கும். அளவியே இல்லாத வண்டியைவிட இது மோசம், ஏனென்றால் ஓட்டுபவர் அதை நம்புவார். பழைய கிளஸ்டரில், முள்களுக்குச் சராசரியாக 5 வோல்ட் அளவுக்கு விட்டுவிட்டு மின்சாரம் தரும் ஒரு சிறு ரெகுலேட்டர் இருந்தது. அந்த முள்கள், சூடேறி வளையும் இரட்டை உலோகத் தகட்டால் நகர்பவை. 1987க்குப் பிந்தைய முள்கள் காந்தச் சுருளால் நகர்பவை; அவற்றுக்கு அந்த ரெகுலேட்டர் வேண்டியதில்லை, அதை இடையில் சேர்க்கவும் கூடாது. மின்தடையை மாற்றிக்கொடுக்கும் சிறு மின்னணுப் பெட்டிகள் சந்தையில் கிடைக்கின்றன; டேங்க்கை இறக்க மனமில்லாதவர்களுக்கு அவை போதும். என் வண்டியில் இரண்டு டேங்க்குகள் இருப்பதால், இரண்டையும் இறக்கி, புதிய அளவுக்குரிய ஃப்ளோட் யூனிட்டுகளையே பொருத்தினேன். நடுவில் ஒரு பெட்டி குறைந்தால், பிற்காலத்தில் பழுது தேடவேண்டிய இடமும் ஒன்று குறையும்.

அடுத்தது ஆயில் பிரஷர் முள். இந்த முழு வேலையிலும் என்னை அதிகம் யோசிக்கவைத்தது இதுதான். 1993 கிளஸ்டரில் ஆயில் பிரஷருக்கு அழகான முள் ஒன்று இருக்கிறது; எஞ்சின் ஓடத் தொடங்கியதும் எழுந்து நடுவில் நிற்கிறது, நிறுத்தும் வரை அங்கேயே இருக்கிறது. காரணம் எளிது. 1987 முதல் ஃபோர்டு இந்த வண்டிகளில், அழுத்தத்துக்கேற்ப மின்தடை மாறும் உண்மையான சென்சாருக்குப் பதிலாக, சில பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) அழுத்தம் வந்தாலே மூடிக்கொள்ளும் வெறும் ஸ்விட்ச்சை வைத்தது. கிளஸ்டரின் பின்புறம் 20 ஓம் மின்தடை ஒன்றைச் சேர்த்து, ஸ்விட்ச் மூடியவுடன் முள் நடுவில் நிற்கும்படி செய்தது. அழுத்தம் 10 பிஎஸ்ஐ என்றாலும் 50 பிஎஸ்ஐ என்றாலும் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். அது அளவி அன்று. முள்ளின் உருவில் இருக்கும் எச்சரிக்கை விளக்கு. முள் கொஞ்சம் ஆடினாலே கவலைப்பட்டுப் பணிமனைக்கு வரும் வாடிக்கையாளர்களைத் தவிர்க்க இப்படிச் செய்தார்கள் என்று சொல்லப்படுவதுண்டு. காரணம் எதுவாயினும், என் பழைய டாஷ்போர்டில் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு முள்ளை, புதிய டாஷ்போர்டு பறித்துக்கொள்வதை நான் ஏற்கத் தயாராக இல்லை.

நல்வாய்ப்பாக இதற்குத் தீர்வு உண்டு. கிளஸ்டரின் பின்னால், நெகிழ்வான பிளாஸ்டிக் தாளில் அச்சிட்ட செப்புத் தடங்கள் மேல் அந்த 20 ஓம் மின்தடை தனியாகத் தெரியும். அதன் இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்து சால்டர் செய்துவிட்டால் மின்தடை செயலற்றுப்போகும். சூட்டுக்கோலை நீண்ட நேரம் வைத்தால் தாள் உருகிவிடும் என்பதால், வயரின் நுனியில் முன்பே ஈயம் பூசிக்கொண்டு, தொட்டதும் எடுத்துவிட வேண்டும். எஞ்சின் பக்கத்தில் ஸ்விட்ச்சைக் கழற்றிவிட்டு, பழைய ஆண்டுகளுக்குரிய, அழுத்தத்துக்கேற்ப மாறும் சென்சாரைப் பொருத்த வேண்டும். அது பருத்த உலோகக் குடுவை போன்றது. சில எஞ்சின்களில் அதற்கு இடம் பண்ண ஒரு நீட்டிப்புக் குழாய் தேவைப்படும். என் வண்டியில் இருப்பது 300 கன அங்குல, அதாவது 4.9 லிட்டர், வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சின். 1982ஆம் ஆண்டின் சென்சார் அதில் ஏற்கெனவே இருந்ததால் கிளஸ்டரை மட்டும் மாற்றினால் போதுமாக இருந்தது. இப்போது குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பினால் முள் நன்றாக ஏறுகிறது; சூடேறிய பிறகு ஐட்லிங்கில் இறங்குகிறது; வேகம் எடுத்தால் மீண்டும் ஏறுகிறது. முள்ளுக்குக் கீழே எண்கள் இல்லை. ஆனாலும் நாள்தோறும் பார்க்கிறவருக்கு வழக்கமான இடம் எது என்று பழகிவிடும், அது வழக்கத்தைவிடக் கீழே இறங்கினால் உடனே தெரிந்துவிடும்.

வெப்ப அளவியில் அவ்வளவு சிக்கல் இல்லை. சென்சாரும் அளவியும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்க, சென்சாரைக் கொதிக்கும் நீரில் தொங்கவிட்டு, அதன் உடலை எர்த்தோடு இணைத்து, முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டால் போதும்.

ஸ்பீடோமீட்டருக்கு வருவோம். டாஷ்போர்டு மாற்றும் வேலை வண்டியின் பின் அச்சில் தொடங்குகிறது என்று சொன்னால் நம்புவது கடினம்தான். 1992க்குப் பிந்தைய ஃபோர்டு பிக்கப்பில் அதுதான் நிலைமை. அந்த ஆண்டில் கேபிளை எடுத்துவிட்டு, கிளஸ்டருக்குள்ளேயே வேகத்தையும் ஓடிய தூரத்தையும் கணக்கிடும் மின்னணுப் பகுதியை வைத்தார்கள். அதற்கான செய்தி கியர்பாக்ஸிலிருந்து வருவதில்லை. 1987 முதல் இந்த வண்டிகளின் பின் சக்கரங்களுக்கு, பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஆன்டிலாக் ஏற்பாடு வந்திருந்தது. அதற்காக, பின் அச்சின் நடுவிலுள்ள கியர் பெட்டியான டிஃபரன்ஷியலுக்குள் 108 பற்கள் கொண்ட வளையம் ஒன்றும், அந்தப் பற்கள் கடந்து போவதை உணரும் காந்தச் சென்சார் ஒன்றும் இருந்தன. அதே சென்சாரிலிருந்துதான் ஸ்பீடோமீட்டரும் படிக்கிறது. என் 1982 வண்டியில் இருந்ததோ பழைய 9 அங்குல பின் அச்சு. அதில் வளையமும் இல்லை, சென்சாருக்கான துளையும் இல்லை.

இங்கே இரண்டு வழிகள் உண்டு. பழைய கேபிளின் முனையில் துடிப்புகளை உண்டாக்கும் சிறு கருவியைப் பொருத்தி, அந்தத் துடிப்புகளைப் புதிய கிளஸ்டர் எதிர்பார்க்கும் எண்ணிக்கைக்கு மாற்றும் பெட்டியை நடுவில் வைப்பது ஒன்று. 1993 வண்டியின் 8.8 அங்குல பின் அச்சை முழுதாகவே கொண்டுவந்து பொருத்துவது மற்றொன்று. 9 அங்குல அச்சின் உறுதிக்குப் பெரிய மதிப்பு உண்டு. அதைக் கழற்றுவதைப் பலர் ஏற்க மாட்டார்கள், அவர்களுடைய நியாயம் எனக்குப் புரிகிறது. என் வண்டி கனமான சுமை இழுப்பதும் இல்லை, பந்தயம் ஓடுவதும் இல்லை. அதனால் அச்சை மாற்றினேன். அச்சு மாறும்போது, கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டையும் கவனிக்க வேண்டும். 9 அங்குல அச்சில் ஷாஃப்ட் யோக்கில் சேர்கிறது, 8.8 அங்குல அச்சில் வட்டமான ஃபிளாஞ்சில் சேர்கிறது; நீளமும் மாறுகிறது. ஷாஃப்ட்டை அளந்து திருத்தித் தருகிற பட்டறையில் கொடுத்துச் சமநிலையும் பார்த்து வாங்குவதே முறை. கைப் பிரேக் கேபிளும் பிரேக் ஹோஸும் பொருந்துகின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு. கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வரும்போது, பின் அச்சின் கியர் விகிதம் மாறினாலும் ஸ்பீடோமீட்டர் தவறிவிடும், டயர் மாறினாலும் தவறிவிடும். 108 பல் வளையமோ சக்கரங்களின் பக்கத்தில், இறுதி கியருக்குப் பிறகு சுழல்கிறது. ஆகவே கியர் விகிதம் என்னவானாலும் கவலையில்லை, டயரின் அளவு மட்டுமே கணக்கில் வரும். ஒரு டயர் ஒரு மைலுக்குச் சுமார் 720 முறை சுற்றுகிறது என்றால், 108ஐ 720ஆல் பெருக்க, மைலுக்கு 77,760 துடிப்புகள் கிடைக்கும். மணிக்கு 60 மைல் வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு ஒரு மைல் ஓடும்போது, அந்த மெல்லிய வயர்களில் நொடிக்கு 1,296 துடிப்புகள் வருகின்றன. இதனால்தான் அந்த இரு வயர்களையும் ஒன்றோடொன்று முறுக்கி, இக்னிஷன் வயர்களுக்குத் தொலைவில் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் வேறெங்கிருந்தோ வரும் மின்னதிர்வுகளையும் கிளஸ்டர் வேகமாக எண்ணிக்கொள்ளும். டயரின் அளவுக்கேற்ற எண்ணைக் கிளஸ்டரின் பொத்தான்களைக் கொண்டே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு ஆறு முறைதான் வாய்ப்பு. அதன் பிறகு அது மாற்றத்தை ஏற்காது. யார்டிலிருந்து வந்த கிளஸ்டரில் முந்தைய உரிமையாளர் எத்தனை வாய்ப்புகளைச் செலவழித்திருக்கிறார் என்பது வெளியே தெரியாது. எனவே நிரந்தரமாக எந்த டயர் போடப்போகிறோம் என்று முடிவுசெய்து, நெடுஞ்சாலையின் மைல் கற்களையும் ஜிபிஎஸ் கருவியையும் வைத்து நன்றாகக் கணக்கிட்ட பிறகே பொத்தானில் கைவைக்க வேண்டும்.

எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று காட்டும் டாக்கோமீட்டர் என் பழைய டாஷ்போர்டில் இல்லை. அதற்கான வயரைப் புதிதாக இழுத்தேன். இக்னிஷன் காயிலின் எதிர்மின் முனையிலிருந்து வரும் கரும்பச்சையில் மஞ்சள் கோடு போட்ட வயர்தான் அதன் மூலம். ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு மூன்று முறை தீப்பொறி விடும். எட்டு சிலிண்டர் நான்கு முறை. எட்டு சிலிண்டர் வண்டியின் டாக்கோமீட்டரை ஆறு சிலிண்டரில் வைத்தால், எஞ்சின் 2,000 சுற்றில் ஓடும்போது முள் 1,500 என்று காட்டும். நான் டாஷ்போர்டை எடுத்த வண்டியும் 4.9 லிட்டர் எஞ்சின் கொண்டது என்பதால் இந்தத் தொல்லை எழவில்லை. வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

பழைய டாஷ்போர்டில் அம்மீட்டர், புதியதில் வோல்ட்மீட்டர். இது வெறும் முள் மாற்றம் அன்று. அம்மீட்டரின் இரண்டு வயர்களும் சார்ஜிங் சுற்றோடு நேரடியாகச் சேர்ந்தவை. சாவி அணைந்திருந்தாலும் அவற்றில் பேட்டரி மின்சாரம் இருக்கும். கிளஸ்டரைக் கழற்றிய பிறகு அந்த முனைகளை அப்படியே தொங்கவிட்டால், கேபினின் இரும்பில் பட்டு நெருப்புக்கே காரணமாகலாம். அவற்றை எஞ்சின் பக்கத்தில், அவை தொடங்கும் இடத்திலேயே துண்டித்து முடித்துவிட வேண்டும். சார்ஜ் எச்சரிக்கை விளக்கு உள்ள வண்டிக்கும் அம்மீட்டர் உள்ள வண்டிக்கும் ஆல்டர்னேட்டர் ரெகுலேட்டரின் வயரிங் வேறுபடுகிறது. புதிய கிளஸ்டரில் அந்த விளக்கு இருப்பதால், வெளிர்பச்சையில் சிவப்புக் கோடு போட்ட வயரை ரெகுலேட்டரின் உரிய முனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். விளக்குக்கு இணையாக ஒரு மின்தடையும் அந்தச் சுற்றில் இருக்கிறது. பல்ப் எரிந்துபோனாலும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்வதை நிறுத்தாமல் இருப்பதற்காகவே அது. வயரிங்கைச் சுருக்கும் ஆர்வத்தில் அதை வெட்டிவிடக் கூடாது. ஃபியூசிபிள் லிங்க் எனப்படும், ஆபத்தில் தானே உருகிக் காக்கும் வயரை மாற்றவேண்டி வந்தால், அது காக்கும் வயரைவிட அமெரிக்க வயர் அளவு முறையில் நான்கு எண்கள் மெலிந்ததாக இருக்க வேண்டும். சாதாரண வயரை அங்கே வைத்தால் காவலே இல்லாமல் போகும். ஹெட்லைட்டின் முழு மின்சாரமும் டாஷ்போர்டு ஸ்விட்ச்சின் வழியாகவே போகும் பழைய ஏற்பாட்டை விட்டுவிட்டு, இரண்டு ரிலேக்களை (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் ஸ்விட்ச்சுகளை) எஞ்சின் பக்கத்தில் சேர்த்தேன். ஸ்விட்ச்சின் கனெக்டர் சூடேறி உருகுவது இந்த வண்டிகளில் அடிக்கடி காணும் பழுது. டாஷ்போர்டு வெளியே இருக்கும்போது இதைச் செய்வது மிகவும் எளிது.

1992 முதல் வைப்பர் ஸ்விட்ச் ஸ்டீயரிங் காலத்தின் இடப்பக்கக் கைப்பிடிக்கு வந்துவிட்டதால், காலத்தையும் மாற்றவேண்டியதாயிற்று. கையால் கியர் மாற்றும் வண்டிக்கு அதே வகை வண்டியின் காலமே வேண்டும். கீழே ஸ்டீயரிங் பெட்டிக்கு இறங்கும் இடைத்தண்டின் இணைப்பில், போல்ட்டுகளைக் குறிப்பிட்ட டார்க் அளவுக்கு முடுக்கி, சக்கரத்தை இரு எல்லை வரைக்கும் திருப்பிப் பார்த்து, எங்கும் உரசவில்லை என்று உறுதிசெய்துகொள்ளாமல் வண்டியை அசைக்கக் கூடாது. கிளட்ச் பெடலை அழுத்தினால்தான் ஸ்டார்ட்டர் இயங்கும் என்ற காப்பு ஸ்விட்ச்சையும் புதிய வயரிங்கோடு சேர்த்துப் பொருத்தினேன்.

ஹீட்டர் பக்கத்தில், ஏசி உள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் ஃபயர்வால் துளைகளும் பெட்டிகளும் வேறுபடும் என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொண்டால் போதும். காற்று எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதை வெற்றிடத்தால் இயங்கும் மோட்டார்கள் தீர்மானிக்கின்றன. எஞ்சினிலிருந்து வரும் மெல்லிய குழாயில் எங்காவது கசிவு இருந்தால், எந்தப் பொத்தானைத் திருப்பினாலும் காற்று முன் கண்ணாடிப் பக்கமே போகும். இது பழுது அன்று, திட்டமிட்ட காப்பு. வெற்றிடம் போனாலும் கண்ணாடியில் படியும் பனியை விலக்க முடியவேண்டும் என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

இனி, எரியாத விளக்குகள். புதிய கிளஸ்டரில் பின்சக்கர ஆன்டிலாக் பிரேக்குக்கு ஒரு விளக்கும், எஞ்சின் கணினிக்கு ஒரு விளக்கும் உண்டு. கார்புரேட்டர் எஞ்சின் கொண்ட என் வண்டியில் இரண்டுமே இல்லை. பின் அச்சில் சென்சார் இருந்தாலும் பிரேக்கை ஆளும் வால்வும் பெட்டியும் கிடையாது. பல்ப்பைக் கழற்றிவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். என் கருத்து வேறு: அந்த எழுத்துகள் கண்ணாடிக்குப் பின்னால் தெரியும் வரை, வண்டியை இரவல் வாங்கி ஓட்டும் ஒருவர், விளக்கு எரியவில்லை, ஆகவே ஆன்டிலாக் சரியாக இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளலாம். அதனால் அந்த இரு இடங்களையும் பின்புறமிருந்து கருப்பு நாடாவால் முழுவதும் மறைத்துவிட்டேன்.

கடைசியாக ஓடிய தூரத்தின் கணக்கு. பழைய ஓடோமீட்டர் ஐந்து இலக்கம் கொண்டது, 99,999க்குப் பிறகு மீண்டும் சுழியிலிருந்து தொடங்கிவிடும். புதியது மின்னணு எண்களைக் காட்டுகிறது. அதில் இருப்பதோ வேறொரு வண்டி ஓடிய தூரம். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி, ஓடோமீட்டரை மாற்றும்போது பழைய எண்ணையே அதில் வைக்க முடியவேண்டும். முடியாவிட்டால் அதைச் சுழிக்குக் கொண்டுவந்து, மாற்றுவதற்கு முன் இருந்த மைல் கணக்கையும் மாற்றிய நாளையும் எழுதி இடப்பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். அந்த அறிவிப்பைப் பின்னர் அகற்றுவதும் குற்றம். ஓடோமீட்டர்களைத் திருத்தும் பணிமனையில் கிளஸ்டரைக் கொடுத்து எண்ணைச் சரிசெய்து வாங்கி, கதவுச் சட்டத்திலும் அறிவிப்பை ஒட்டினேன். பழைய ஓடோமீட்டர் எத்தனை முறை சுழிக்கு வந்தது என்பதற்கு என்னிடம் ஆவணம் இல்லாததால், அதையும் அறிவிப்பிலேயே எழுதியிருக்கிறேன்.

பெடலை மிதிக்காமலே வேகத்தை நிலையாக வைத்திருக்கும் குரூஸ் கன்ட்ரோல் மட்டும் இன்னும் மிச்சம். அதற்குத் தேவையான வேகச் செய்தியை, மைலுக்கு 8,000 துடிப்புகளாகக் குறைத்து, கிளஸ்டரே தன் பின்னாலுள்ள ஒரு முனையில் தருகிறது; ஸ்டீயரிங் சக்கரத்தில் பொத்தான்களும் வந்துவிட்டன. கார்புரேட்டரின் திராட்டிலை இழுக்கும் பகுதியை எங்கே பொருத்துவது என்பதையும், பிரேக்கைத் தொட்டதும் அது உறுதியாக விடுபடுவதற்கான ஏற்பாட்டையும் முடிவுசெய்த பிறகே அதைத் தொடுவேன். அதுவரை அந்த வயரின் முனையை மூடிக் கட்டி வைத்திருக்கிறேன்.